அயுத்தயா ஆற்றுப் பயணமும் நம் கோயில் இடமாற்றமும்



போன பள்ளி விடுமுறையில் நம்ம கோயில் தொண்டூழியர்கள் ஒன்பது பேர் தாய்லாந்து போய் வந்தோம். "படம் மட்டும் போட்டீங்க, கதை எங்கே?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கதை கொஞ்சம் நீளம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கோயில் இடமாற்றம் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

பாடாங் புசாரில் மாலையில் ரயில் ஏறினோம். படுக்கை வசதி உள்ள ரயில். மறுநாள் காலை பாங்காக். அங்கே ஒரு இரவு தங்கிவிட்டு விடியற்காலையிலேயே வடக்கே போகும் சாதாரண ரயிலைப் பிடித்தோம். அயுத்தயா சுமார் 80 கிலோமீட்டர். எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் 78 வயது பாட்டி. அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர், இன்றைக்கும் ஆடி மாதக் கூழுக்கு உப்பு பார்ப்பவர். "என்னை விட்டுட்டுப் போனா ஆத்தா கேப்பா" என்று சொல்லித்தான் பாஸ்போர்ட் எடுக்க வைத்தார்.

முதலில் ஊரைப் பற்றி. அயுத்தயா என்ற பெயர் நம் அயோத்திதான். 1350இல் இந்த ஊரைத் தலைநகராக்கிய அரசருக்குப் பட்டப்பெயர் ராமாதிபதி. ராமனின் ஊர், ராமன் பெயரில் ராஜா. அயோத்தி என்றால் போரிட்டு வெல்ல முடியாத இடம் என்று பொருள். 417 வருடம் அது சயாம் நாட்டின் தலைநகரமாக இருந்தது. சீனர், ஜப்பானியர், பாரசீகர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் எல்லாரும் வந்து வியாபாரம் செய்த ஊர். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அதே வருடம் இங்கே தூது அனுப்பியிருக்கிறார்கள். நகரத்துக்குத் தெற்கே ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு குடியிருப்பு, எதிர்க்கரையில் ஜப்பானியருக்கு ஒன்று. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மலாக்கா கதைக்கும் இந்த ஆற்றுக்கும் அவ்வளவு நெருக்கம்.

ரயில் நிலையம் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. பழைய நகரம் எதிர்க்கரையில். சின்னப் படகில் அக்கரை போனால் நகரம். சாவ் பிரயா, பா சாக், லொப்புரி என்ற மூன்று ஆறுகள் சுற்றிவர, நடுவில் தீவு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே பா சாக், மேற்கிலும் தெற்கிலும் சாவ் பிரயா, வடக்கே லொப்புரி ஆற்றின் பழைய வாய்க்கால். தீவைச் சுற்றிவர இயந்திரப் படகு கிடைக்கும். நீளக் கம்பியின் முனையில் விசிறி வைத்து ஓட்டுகிற படகு. இடையில் கோயில் கோயிலாக இறங்கி ஏறினால் இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒன்பது பேருக்கும் ஒரே படகு போதும்.

ஆறு அகலம். தண்ணீர் நம்ம கோப்பி நிறம். மணலும் சிமெண்டும் ஏற்றிய பெரிய பெரிய தோணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, ஒரு சின்ன இழுவைப் படகு இழுத்துப் போகிறது. அது போகும்போது எழுந்த அலையில் எங்கள் படகு ஆடியது. பாட்டி மட்டும் அசையவில்லை. "கப்பல்ல வந்த ஆத்தாவுக்குப் பொறந்த கூட்டம்டா நாம" என்றார். அப்போது எல்லாரும் சிரித்தோம். அந்த வார்த்தை பிறகுதான் மனதுக்குள் வேலை செய்தது.

முதல் நிறுத்தம் வாட் பனன் சேங். வாட் என்றால் கோயில். பா சாக் ஆறு சாவ் பிரயாவோடு சேரும் முனைக்கு எதிரே இருக்கிறது. 1324இல் எழுந்த கோயில், அதாவது தலைநகரத்தைவிட 26 வருடம் மூத்தது. உள்ளே 19 மீட்டர் உயரத்தில் தங்க முலாம் பூசிய புத்தர். சீன பக்தர்கள் கூட்டம் அதிகம். அவர்கள் இந்தப் புத்தரை சாம் போ கோங் என்று கூப்பிடுகிறார்கள். செங் ஹோவை நினைத்து நம்ம மலாக்காவிலும் அந்தப் பெயர் வழங்குகிறதே, அதே பெயர்தான்.

நாங்கள் போனபோது வஸ்திரம் சாத்தும் நேரம். பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் காவித் துணிகளைச் சுருட்டி மேலே வீசுகிறார்கள். சிலையின் மடியில் நிற்கும் ஆட்கள் லாவகமாகப் பிடித்துத் தோளில் சாத்துகிறார்கள். பிறகு துணியின் மறுமுனையைக் கீழே இறக்குகிறார்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுவதும் அந்தத் துணிக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கும்பிடுகிறது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாய்லாந்து அம்மா, பாட்டியின் தலைமேலும் துணியை இழுத்து விட்டார். மொழி தெரியாது, சடங்கு தெரியாது. ஆனால் திருவிழாவில் அம்மன் பட்டைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அங்கிருந்து தெற்குப் பக்கமாக மேற்கே போனால் இன்னொரு பெரிய இடம், வாட் சைவத்தனாராம். 1630இல் பிரசாத் தோங் என்ற அரசர் கட்டியது. ஆற்றிலிருந்து பார்க்கும்போதே மூச்சு நின்றுவிடும். நடுவில் 35 மீட்டர் கோபுரம், அதைச் சுற்றிச் சிறிய கோபுரங்கள். நடுக்கோபுரம் மேரு மலையாம். மேருவைச் சுற்றி உலகம் என்று நம் புராணம் சொல்வதை அப்படியே செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். சுற்றுப் பிராகாரத்தில் 120 புத்தர் சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்று பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. போரில் போனது பாதி, பிறகு புதையல் தேடியவர்களும் சிலை திருடர்களும் அறுத்துக்கொண்டு போனது மீதி.

வாடகைக்குப் பழங்கால உடை எடுத்துப் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. பாட்டி மட்டும் ஒரு தலையில்லாத சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"இங்க யாருப்பா வெளக்கு போடுறா?"

வழிகாட்டித் தம்பியிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டோம். அவர் சிரித்த முகத்தோடு, இரவில் கோபுரம் முழுவதும் விளக்கு வெளிச்சம் போடுவார்கள், ரொம்ப அழகாக இருக்கும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

பாட்டி தலையாட்டினார். "அது லைட்டு. நான் வெளக்கக் கேட்டேன்."

இந்த ஊர் எப்படி அழிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் மூன்று ஆறும் பொங்கிச் சுற்றிலும் வெள்ளக்காடாகும். முற்றுகை போட்ட எதிரி எவனாக இருந்தாலும் தண்ணீர் வந்தால் மூட்டை கட்ட வேண்டும். அந்த ஆற்றை நம்பித்தான் நகரம் தைரியமாக இருந்தது. கடைசியில் வந்த பர்மியப் படை அந்த மழைக்காலத்தில் திரும்பிப் போகவில்லை. வெள்ளத்திலும் சுற்றி நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் முற்றுகை. 1767 ஏப்ரலில் மதில் விழுந்தது, நகரம் எரிந்தது.

இதைக் கேட்டபோது எங்களில் இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் பெரியவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? "தோட்டம் இருக்கிற வரைக்கும் கோயிலுக்கு ஒண்ணும் ஆகாது." பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அப்பவும் கோயில் இருந்தது. துண்டாடல் வந்தது, லயம் காலியானது, அப்பவும் இருந்தது. இப்போது நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வருகிறது. வருடக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி மாற்று நிலம் தருவதாக வாய் வார்த்தையாகச் சொல்கிறார்கள். நமக்கு அரணாக இருந்தது தோட்டம். அந்த அரண் இப்போது இல்லை.

நகரம் எரிந்த பிறகு நடந்ததைத்தான் நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாக்சின் என்ற தளபதி எஞ்சியவர்களைத் திரட்டி, ஆற்றோடு கீழே போய் தொன்புரியில் புதுத் தலைநகரம் அமைத்தார். 1782இல் முதலாம் ராமா எதிர்க்கரையில் பாங்காக்கை உருவாக்கினார். அயுத்தயா மதிலின் செங்கற்களைப் பெயர்த்துப் படகுகளில் ஏற்றி, இதே ஆற்றின் வழியாகக் கொண்டுபோய்ப் புது நகரத்துக்கு மதில் கட்டினார்கள். பாழடைந்த கோயில்களில் அநாதையாகக் கிடந்த புத்தர் சிலைகளைச் சேகரித்துப் புதுக்கோயில்களில் வைத்தார்கள். பாங்காக்கின் முழுப்பெயர் மிக நீளமானது. அந்தப் பெயருக்குள்ளேயே அயுத்தயா என்ற பழைய பெயரையும் வைத்துக்கொண்டார்கள்.

இதில் எங்களை உலுக்கிய விஷயம் ஒன்று. அயுத்தயா அரண்மனைக் கோயில் வாட் பிரா சி சன்பெட். அங்கே 16 மீட்டர் உயரத்தில் பொன் போர்த்திய புத்தர் நின்றிருந்தார். 1500ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. படையெடுப்பில் சிலைக்குத் தீ வைத்துப் பொன்னை உருக்கி எடுத்துவிட்டார்கள். எஞ்சிய உடலை முதலாம் ராமா பாங்காக்குக்குக் கொண்டுவந்தார். பழுது பார்க்க முடியாத நிலை. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடவில்லை. வாட் போ கோயிலில் பெரிய தூபி ஒன்றைக் கட்டி, அதற்குள்ளே வைத்துப் பூசிவிட்டார்கள். பச்சை ஓடு பதித்த அந்தத் தூபியை இன்றும் மக்கள் கும்பிடுகிறார்கள். உள்ளே இருப்பது உடைந்த சாமி. கும்பிடுகிறவர்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை.

மதியம் தீவுக்குள் சுற்றினோம். மூன்று தூபிகள் மட்டும் மிஞ்சிய அந்த அரண்மனைக் கோயிலைப் பார்த்தோம். வாட் மகாதாத்தில் மர வேர்களுக்குள் சிக்கியிருக்கும் புத்தர் தலையைப் பார்த்தோம். அங்கே படம் எடுக்கிறவர்கள் அந்தத் தலையைவிடத் தாழ்வாக உட்கார வேண்டும் என்பது விதி. வெயிலில் எல்லா நாட்டுக்காரர்களும் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய வாய்க்காலுக்கு வடக்கே வாட் நா பிரா மேன். பர்மியப் படை முகாமிட்டிருந்ததால் எரியாமல் தப்பிய கோயில் என்கிறார்கள். ராஜ அலங்காரத்தில் கிரீடம் வைத்த புத்தர். உள்ளே பூ, ஊதுவத்தி, முணுமுணுக்கும் ஆச்சிமார்கள். பாட்டிக்கு அங்கேதான் முகம் மலர்ந்தது. அங்கே விளக்கு எரிந்தது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தோளும் முட்டியும் மூடிய உடை போடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் "ஜே" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். ஊரில் பஞ்சுமிட்டாயை மெல்லிய ரோத்தியில் சுருட்டித் தருகிறார்கள், ரோத்தி சாய் மாய் என்று பெயர். பிள்ளைகளுக்கு இரண்டு பொட்டலம் வாங்குங்கள், ஒன்று வழியிலேயே தீர்ந்துவிடும்.

மறுநாள் வேனில் நொந்தபுரி வந்து, அங்கிருந்து சாவ் பிரயா விரைவுப் படகில் பாங்காக் நகரத்துக்குள் இறங்கினோம். சுற்றுலாப் படகு இல்லை, வேலைக்குப் போகிற மக்கள் ஏறி இறங்கும் படகு. அந்தச் செங்கற்களும் சிலைகளும் வந்த அதே தண்ணீர்ப் பாதை. வாட் போ போய் அந்தப் பச்சைத் தூபியைச் சுற்றி வந்தோம்.

பிறகு தேவஸ்தான். பெரிய ஊஞ்சல் இருக்கும் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 1784இல் முதலாம் ராமா கட்டிய பிராமணக் கோயில். சிவன், விநாயகர், பெருமாள் மூவருக்கும் தனித்தனி மண்டபம். நம் கோயில்களைப் போல வண்ணக் கோபுரம் கிடையாது. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, அமைதி. தலைநகரம் விழுந்த பிறகு, தெற்கே நக்கோன் சி தம்மராட் பக்கத்திலிருந்து பிராமணர்களை அழைத்துவந்து அரசச் சடங்குகளை மறுபடி தொடங்கினார்கள்.

இங்கே வருடா வருடம் குளிர்காலத்தில் ஒரு விழா நடக்கிறது. அதன் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! மார்கழி விடியலில் நம் பிள்ளைகள் மைக்கில் பாடுகிறார்களே, அதேதான். திருவெம்பாவை உட்பட நம் பழைய தமிழ்ப் பாடல்களை அங்குள்ள பிராமணர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள். உச்சரிப்பு அவர்கள் நாக்குக்கு ஏற்ப வளைந்துவிட்டது. தமிழ் என்று பொருள் தெரிந்து ஓதுவதில்லை. ஊஞ்சல் ஆடும் சடங்கை 1935இல் நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. எந்தக் காலத்தில் எந்தக் கப்பலில் ஏறியதோ, அயுத்தயா எரிந்த பிறகும் அது பிழைத்துக் கிடக்கிறது.

மாலையில் சிலோம் சாலை மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பிழைப்புக்கு வந்த தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். கையில் பூத்தட்டு, நெற்றியில் குங்குமம். நம்மைவிட பக்தியாக நிற்கிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்று இரவு தங்கும் விடுதியில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். ஊரில் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். "மண்ணை விட்டுட்டுப் போனா ஆத்தா வரமாட்டா" என்பது ஒரு பக்கம். "கிடைக்கிற நிலத்தை வாங்கிப் புதுசா பெருசா கட்டுவோம்" என்பது இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த அறையில் இருந்தோம். படகில் பாட்டி சொன்னதை அப்போது ஒரு அண்ணன் எடுத்தார். "பாட்டி, ஆத்தா கப்பல்ல வந்தாளா?"

பாட்டி சொன்ன கதை உங்களில் பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. பாட்டியின் மாமனாரின் அப்பா ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாராம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, தோட்டத்தில் அந்த மரத்தடியில் மண்ணை வைத்து, மேலே ஒரு கல்லை நட்டாராம். சூலம் பிறகு வந்தது. கொட்டகை பிறகு. சுதைச் சிலை அதற்கும் பிறகு. "கூப்பிட்டா வருவா. கூப்பிடுறதுக்கு ஆளு வேணும், அவ்வளவுதான்" என்றார்.

அதனால் இடமாற்றத்தில் வலியே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அயுத்தயாவின் இடிபாடுகளையாவது 1991 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக் காக்கிறார்கள். நம் மரத்தடி நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டு கார் நிறுத்துமிடமாக இருக்கும். அங்கே நம் தாத்தா பாட்டிமார் தீ மிதித்தார்கள் என்று சொல்ல ஒரு பலகைகூட இருக்காது. அந்த இழப்பை யாரும் சின்னதாகப் பேசக் கூடாது. அழுகிற பெரியவர்களைப் பார்த்து "சென்டிமென்ட்" என்று சொல்லவும் கூடாது.

இதையெல்லாம் யோசித்துத்தான் தொண்டூழியர்கள் சார்பில் கூட்டத்தில் ஐந்து கோரிக்கை வைக்கப் போகிறோம்.

ஒன்று. மாற்று நிலம் கோயில் பெயரில் எழுத்துப்பூர்வமாகக் கைக்கு வரும்வரை பாலஸ்தாபனத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. வாய் வார்த்தையை நம்பி இன்னொரு முறை இடம் மாற நமக்குத் தெம்பு இல்லை.

இரண்டு. போகும்போது மரத்தடியில் முறைப்படி பிடிமண் எடுக்க வேண்டும். மூலக் கல்லும் பழைய சூலமும் நம்மோடு வர வேண்டும். விரிசல் விட்ட பழைய சுதை அம்மனைப் புதுச்சிலை வந்துவிட்டது என்பதற்காக ஒதுக்கிவிடாமல், ஆகம முறை என்ன என்று குருக்களைக் கேட்டு மரியாதையோடு செய்ய வேண்டும்.

மூன்று. புதுக்கோயில் பெயரில் நம் பழைய தோட்டத்தின் பெயர் இருக்க வேண்டும்.

நான்கு. மரம் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குறிப்புக் கல் வைக்க நிலக்காரரிடம் கேட்க வேண்டும். கிடைக்காமல் போகலாம். கேட்டோம் என்று இருக்கட்டும்.

ஐந்து. இதுதான் அவசரம். கரகம் எடுக்கும்போது பாடும் நம் தோட்டத்துப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர்கள் இன்று மூன்று பேர். மூவரும் 70 வயதைத் தாண்டியவர்கள். வரும் வெள்ளி பூஜைக்குப் பிறகு அவர்களை உட்கார வைத்துப் பதிவு செய்யப் போகிறோம். பதிவு மட்டும் போதாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், கூடவே பாடிப் பழகட்டும். அர்த்தம் புரியவில்லை என்றால் பாட்டியைக் கேட்கலாம். கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.

வீட்டில் பழைய திருவிழாப் படங்கள், உபயச் சீட்டுகள், கணக்குப் புத்தகங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் உங்கள் கருத்தைக் குழுவில் குரல்பதிவாகப் போடுங்கள், கூட்டத்தில் ஒலிபரப்புகிறோம்.

கூட்டம் காலை 10 மணிக்கு, கோயில் மண்டபத்தில். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் பசியாற ஏற்பாடு செய்திருக்கிறோம். சண்டை போடுவதாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். அன்று விளக்குப் போடும் முறை பாட்டியுடையது, எண்ணெய் கொண்டுவர விரும்புகிறவர்கள் முதல்நாளே கொடுத்துவிடுங்கள்.

ஓம் சக்தி. ஆத்தா காப்பாற்றட்டும்.

ஆலயத் தொண்டூழியர்கள்